செய்யூரில் ஒரு மர்மம்... துப்பறியப் போவது யார்? - தமிழ் இன்னும் தேடும் ‘பக்கத்து வீட்டு’ டிடெக்டிவ்!

ரத்தம் தெறிக்காத கொலை, துப்பாக்கி தூக்காத துப்பறிவாளர், தெருவையே விரல் நுனியில் வைத்திருக்கும் ஒரு பாட்டி... ‘கோஸி மிஸ்டரி’ நாவல்களுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். 1942-லேயே சாம்புவைத் தந்த தமிழில் அந்த வகை ஏன் வளரவில்லை? செய்யூர் மாதிரி ஓர் ஊரில் அப்படி ஒரு கதை நடந்தால் எப்படி இருக்கும்?

க்ரைம் கதை என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? நள்ளிரவு, ஆளில்லாத நெடுஞ்சாலை, டிக்கியில் ஒரு பிணம், சிகரெட் பற்ற வைக்கும் ஒரு போலீஸ் அதிகாரி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சேனலை மாற்றிவிடுவோம்.

இதற்கு நேர்மாறான ஒரு வகை இருக்கிறது. அதில் கொலை நடக்கும், ஆனால் கத்தி இறங்குவதை யாரும் வர்ணிக்க மாட்டார்கள். குற்றவாளி அதே தெருவில்தான் இருப்பார். கண்டுபிடிப்பவர் போலீஸும் இல்லை, வக்கீலும் இல்லை. பேக்கரி வைத்திருப்பவர், லைப்ரரியன், ஓய்வு பெற்ற டீச்சர் என யாராகவும் இருக்கலாம். கடைசி அத்தியாயத்தில் உண்மை வெளிவரும், ஊர் பழைய நிலைக்குத் திரும்பும். படித்து முடித்தவர் பயமில்லாமல் தூங்கப் போவார். ‘கோஸி’ என்றால் இதமானது, கதகதப்பானது. அதனால்தான் இந்த வகைக்கு ‘கோஸி மிஸ்டரி’ என்று பெயர்.

புறநகரில் பிறந்த பாட்டி

இந்த வகையின் மூதாட்டி, அகதா கிறிஸ்டி உருவாக்கிய மிஸ் மார்ப்பிள். 1927-ல் ஒரு சிறுகதையில் அறிமுகமானார். 1930-ல் வெளியான ‘தி மர்டர் அட் தி விகாரேஜ்’ அவருடைய முதல் நாவல். மொத்தம் 12 நாவல்கள், 20 சிறுகதைகள். செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்தில், கம்பளி பின்னிக்கொண்டு, தோட்டத்துக் களை பிடுங்கிக்கொண்டு வாழும் கல்யாணமாகாத வயதான பெண்மணி அவர்.

மார்ப்பிள் எங்கிருந்து வந்தார் தெரியுமா? லண்டனின் புறநகரான ஈலிங்கில் வாழ்ந்த தன் பாட்டியையும், அவருடைய தோழிகளையும் மனதில் வைத்தே கிறிஸ்டி அவரை உருவாக்கினார். அதாவது, உலகப் புகழ்பெற்ற இந்தத் துப்பறிவாளருக்கு மூலம், புறநகர் வீட்டு வரவேற்பறையில் டீ குடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசிய பாட்டிகள்.

அவருடைய துப்பறியும் முறையும் அதே ரகம்தான். கைரேகை, பூதக்கண்ணாடி எல்லாம் கிடையாது. ஒரு பெரிய மனிதரைப் பார்ப்பார். ‘இவரைப் பார்த்தால் எங்க ஊர்க் கடைப் பையன் ஞாபகம் வருதே’ என்று நினைப்பார். அந்தப் பையன் சில்லறையில் ஏமாற்றியவனாக இருப்பான். மனிதர்கள் எங்கும் ஒரே மாதிரிதான், ஒரு தெருவை நன்றாகப் புரிந்துகொண்டால் உலகத்தையே புரிந்துகொள்ளலாம் என்பதுதான் அவருடைய ஒரே சூத்திரம்.

இந்தச் சூத்திரம் பழசாகிவிடவில்லை. 1998-ல் அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித் அதை ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவுக்குக் கொண்டு போனார். அங்கே ராமோட்ஸ்வே என்ற பெண்மணி சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்து, பக்கத்து வீட்டுப் பிரச்னைகளைத் தீர்த்து வைத்தார். 2020-ல் ரிச்சர்ட் ஆஸ்மன் எழுதிய ‘தி தர்ஸ்டே மர்டர் கிளப்’ நாவலில், முதியோர் குடியிருப்பு ஒன்றில் வாழும் நான்கு பேர் கூடிப் பழைய கொலைகளை அலசுகிறார்கள். 2025-ல் அது நெட்ஃப்ளிக்ஸில் படமாகவும் வந்தது. கோயம்புத்தூரைச் சுற்றி இப்போது எத்தனை முதியோர் குடியிருப்புகள்! அங்கேயும் ஒரு வியாழக்கிழமை கிளப் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நமக்கும் ஒருவர் இருந்தார்

தமிழில் துப்பறியும் கதைக்கு 130 வயதாகிறது. பண்டித நடேச சாஸ்திரி 1894-ல் எழுதிய ‘தானவன்’ கதைகள்தான் தொடக்கம் என்று சொல்வார்கள். தானவன் ஒரு போலீஸ்காரர். அடுத்து ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர்.ரங்கராஜு என்று ஒரு வரிசை. ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதிய வை.மு.கோதைநாயகி அம்மாளும் தன் கதைகளில் துப்பறியும் முடிச்சுகளைப் போட்டார்.

பிறகு வந்தவர்களை நம் அம்மாக்களும் அப்பாக்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் - வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜெயந்தி.

இந்தப் பட்டியலை ஒரு முறை உற்றுப் பாருங்கள். சங்கர்லால் தொழில்முறைத் துப்பறிவாளர். கணேஷும் வசந்தும் வக்கீல்கள். விவேக் குற்றப்பிரிவு அதிகாரி. பரத்தும் சுசீலாவும் மூன்லைட் ஏஜென்சி, நரேந்திரனும் வைஜெயந்தியும் ஈகிள்ஸ் ஐ. எல்லோருக்குமே துப்பறிவது தொழில். சினிமாவிலும் அப்படித்தான். ஒரு கொலை, அக்கம்பக்கத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய சந்தேக நபர்கள் என்று கச்சிதமான கோஸி அமைப்பு கொண்ட படம் 1954-ல் ஏ.வி.எம். தயாரித்த ‘அந்த நாள்’. அதிலும் விசாரிக்க வருவது சி.ஐ.டி. அதிகாரிதான்.

விதிவிலக்காக ஒருவர் உண்டு. தேவன் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’! 1942-ல் ஆனந்த விகடனில் வரத் தொடங்கிய சாம்பு, ஒரு சாதாரண பேங்க் குமாஸ்தா. பெரிய மூக்கு, அசட்டு முகம். அவர் எங்கேயோ தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் திருட்டுப்போன நகை இருக்கும். ஏதோ உளறுவார், குற்றவாளி தன்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நடுங்கி உண்மையைக் கக்கிவிடுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் வியந்து நிற்பார். மனைவி வேம்புவுக்குப் பெருமை பிடிபடாது. கோபுலுவின் கோடுகளில் படக்கதையாகவும், காத்தாடி ராமமூர்த்தி நடிப்பில் தூர்தர்ஷன் தொடராகவும் சாம்பு அடுத்தடுத்த தலைமுறைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்.

தொழில்முறை இல்லாத துப்பறிவாளர், ரத்தம் இல்லாத மர்மம், சிரித்துக்கொண்டே படிக்கலாம், வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டலாம். கோஸி மிஸ்டரிக்கான அத்தனை லட்சணமும் சாம்புவிடம் உண்டு. ஒன்றே ஒன்றுதான் குறை. மார்ப்பிளிடம் இருப்பது தெருவைப் படித்த மூளை. சாம்புவிடம் இருப்பது முழுக்க முழுக்க அதிர்ஷ்டம். தேவன் துப்பறியும் கதையைக் கேலி செய்தார், அதனால்தான் அது அவ்வளவு சுவையாக வந்தது. ஆனால், ‘சாதாரண ஆள் நிஜமாகவே மூளையால் கண்டுபிடிக்கிறார்’ என்ற அடுத்த படிக்கு, சாம்பு அளவுக்குப் புகழோடு யாரும் வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை?

ஒரு காரணம், மாத நாவல். 1980-களில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கிய பாக்கெட் நாவல்கள்தான் தமிழ் க்ரைமின் பொற்காலம். பஸ் ஏறும்போது வாங்கி, இறங்குவதற்குள் படித்து முடிக்க வேண்டும். வேகம்தான் அதன் உயிர். ஒவ்வொரு மாதமும் புது கேஸ் வேண்டும். ஏஜென்சி வைத்திருப்பவரைத் தேடி கேஸ் வரும். மாவு மில் வைத்திருக்கும் அக்காவுக்கு மாதம் ஒரு பிணம் எங்கிருந்து கிடைக்கும்?

இந்தச் சிக்கல் வெள்ளைக்காரர்களுக்கும் வந்தது. 1984 முதல் 1996 வரை அமெரிக்க டி.வி-யில் ஓடிய ‘மர்டர், ஷி ரோட்’ தொடரில், ஜெஸிகா என்ற எழுத்தாளர் பாட்டி 264 எபிசோடுகளில் துப்பறிந்தார். அவர் வாழ்ந்த கேபட் கோவ் என்ற குட்டி ஊரில் இத்தனை கொலைகளா என்று ரசிகர்களே கிண்டலடித்தார்கள். அவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள். நம் வாசகர்களும் ஏற்றுக்கொள்வார்கள் என்று பதிப்பகங்களுக்கு நம்பிக்கை வரவில்லையோ என்னவோ.

இன்னொரு காரணம், ‘ஊர்க்கதை பேசுகிற பெண்’ பற்றிய நம் பார்வை. திண்ணையில் உட்கார்ந்து தெருவைக் கவனிக்கிற பாட்டியை நம் சினிமாவும் சீரியலும் வம்புக்காரியாகத்தான் காட்டியிருக்கின்றன. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வம்பு. அதையே ஓர் ஆண் சேகரித்தால் தகவல். மார்ப்பிள் நாவல்களில் இன்ஸ்பெக்டர்களும் முதலில் அவரை அப்படித்தான் ஒதுக்குவார்கள், கடைசியில் அவரிடமே வந்து நிற்பார்கள்.

செய்யூரில் நடந்தால்..?

மதுராந்தகத்திலிருந்து கிழக்கே, கடலை நோக்கிப் போகும் வழியில் இருக்கிறது செய்யூர். ஒரு கோஸி மிஸ்டரி எழுத்தாளர் வரைபடம் போட்டு உருவாக்கியதுபோல அமைந்த ஊர்.

கந்தசாமி கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கு 27 வேதாளங்கள் இருக்கின்றன. ஊரைத் தாண்டினால் உப்பளம், கழிவெளி, பக்கிங்ஹாம் கால்வாய். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலியார்குப்பம் படகுக் குழாம். இன்னும் தெற்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், 1760-ல் ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளி, 2004 சுனாமியில் மேலும் சிதைந்த கோட்டை அது. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரின் இடைக்கழிநாடும் இந்தப் பக்கம்தான்.

ஆனால், கதைக்கு இதைவிட முக்கியமானது வேறு ஒன்று. கொலைக்குக் காரணம் வேண்டுமே! இங்கிலாந்துக் கதைகளில் பெரும்பாலும் உயில். பணக்கார அத்தை யாருக்குச் சொத்து எழுதினார் என்பதில்தான் முடிச்சு இருக்கும். நம் ஊரில் அந்த இடத்தில் நிற்பது நிலம். ஒரு காலத்தில் செய்யூரில் 4,000 மெகாவாட் அனல் மின் நிலையம் வரப்போகிறது என்றார்கள். ஊர் மக்கள் எதிர்த்தார்கள், மின் நிலையம் கட்டப்படவில்லை. இன்று சாலையோரம் கலர் கொடி பறக்கும் மனைப்பிரிவுகளைப் பார்க்கலாம். சென்னை மெல்ல மெல்லத் தெற்கே வந்துகொண்டிருக்கிறது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, பவர் பத்திரம். இவைதான் நம் கதையின் கைரேகைகள்.

துப்பறிபவர்? செய்யூருக்குத் தேவை எல்லா வீட்டு வாசலுக்கும் போகிற ஒருவர். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதிலிருந்து, பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்தவர்கள், அதே பகுதிக்காரர்கள். யார் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், யார் மருமகளோடு பேசுவதில்லை, யார் வீட்டில் ராத்திரி லைட் எரிகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். டீ வேண்டாம் என்று சொன்னாலும் யாரும் விட மாட்டார்கள். மார்ப்பிளே பொறாமைப்படுவார்!

முழுக்க முழுக்கக் கற்பனையாக ஒரு கதையைப் போட்டுப் பார்ப்போம்.

தனியாக வாழ்ந்த ஒரு பெரியவர் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இறந்துவிட்டதாக உறவினர் சொல்கிறார். 80 வயது, ரத்த அழுத்தம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஃப்ரீசர் பாக்ஸ் வந்தாயிற்று, பந்தல் போட்டாயிற்று. துக்கம் கேட்கப் போன தன்னார்வலர் அக்காவின் கண்ணில், அலமாரியில் இருந்த மாத்திரை அட்டை படுகிறது. 1-ம் தேதி அவரே கொடுத்த அட்டை அது. பெரியவர் ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிடாதவர். அட்டையில் இருக்க வேண்டியதைவிட இரண்டு மாத்திரைகள் அதிகமாக இருக்கின்றன. அதாவது, செவ்வாய்க்கிழமையோடு அவர் மாத்திரை போடுவது நின்றுவிட்டது.

அக்கா அங்கே எதுவும் பேசவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் பால்காரரிடம் கேட்கிறார். புதன்கிழமையிலிருந்து பால் வேண்டாம் என்று சொன்னது பெரியவர் இல்லை, உறவினர். ஃப்ரீசர் பாக்ஸ் நம் ஊர்க் கடையில் எடுத்ததா என்று விசாரிக்கிறார். இல்லை, தள்ளியிருக்கும் ஓர் ஊரிலிருந்து வந்திருக்கிறது. என்றைக்கு? புதன்கிழமை!

வியாழக்கிழமை என்ன நடந்தது என்பதற்கு வில்லங்கச் சான்று பதில் சொல்கிறது. பெரியவர் கொடுத்திருந்த பவரை வைத்து உறவினர் நிலத்தை விற்றிருக்கிறார். பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்த நொடியிலிருந்து பவர் பொதுவாகச் செல்லாது. எனவே, பெரியவர் வியாழக்கிழமை வரை ‘உயிரோடு’ இருந்தாக வேண்டும். அவர் உயிரோடு இருப்பதாக டாக்டர் சான்று ஒன்றும் பத்திரத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டது யார்? பெரியவர் செவ்வாய்க்கிழமை இரவு இயற்கையாகத்தான் இறந்தாரா, இல்லை...

மீதியை எழுத்தாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் சொல்ல வந்தது, இந்தக் கதையில் துப்பாக்கி இல்லை, கார் சேஸிங் இல்லை. ஒரு மாத்திரை அட்டை, பால் கணக்கு, ஃப்ரீசர் பாக்ஸ். மூன்றும் நம் தெருவில் தினமும் கண்ணில் படுபவை. அவற்றைச் சேர்த்துப் பார்க்கிற ஒருவர் இருந்தால் கதை தானாக நகரும்.

தெருவைக் கவனிக்கும் கண்ணில் ஒரு சிக்கல்

இந்த வகையைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ‘எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்’ என்பது நம் ஊர்களைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் இனிப்பான பாதி உண்மை. செய்யூர் ஒரு தனித் தொகுதி. இந்தப் பகுதியில் ஊர்த் தெருவும் காலனியும் மீனவர் குப்பமும் தனித்தனி உலகங்கள். ஊர்த் தெருத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குக் காலனியில் நடப்பது தெரியாது. தெரிந்தாலும் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். நல்ல கோஸி மிஸ்டரி அந்தச் சந்தேகத்தைத் திருப்பிப் போட்டுக் காட்ட வேண்டும். எல்லாத் தெருவுக்கும் போகிற ஒரு பெண்ணைத் துப்பறிவாளராக யோசித்ததற்கு இதுவும் காரணம்.

அதேபோல, தெருவின் கண் எப்போதும் நல்லதையே செய்வதில்லை. யார் பெண் யாரோடு பைக்கில் போனாள், எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்று குறித்து வைத்துக்கொண்டு அப்பாவிடம் போட்டுக் கொடுப்பதும் அதே கண்தான். என் வயதுப் பெண்கள் பலர் சிட்டிக்கு வேலைக்குப் போனதும் நிம்மதிப் பெருமூச்சு விட்டதற்கு அந்தக் கண்ணிலிருந்து தப்பித்ததும் ஒரு காரணம். பிறர் வாழ்க்கையைக் கட்டுப்படுத்துவதற்காகக் கவனிப்பது வேறு, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று கவனிப்பது வேறு. மார்ப்பிளை நாம் நேசிப்பது, இந்த இரண்டாவது வகைக் கவனிப்புக்காக. மனிதர்களிடம் எந்தக் கெட்டதையும் எதிர்பார்ப்பவர்தான், ஆனாலும் குற்றமில்லாத ஒருவர்மேல் பழி விழுந்தால் பொறுக்க மாட்டார்.

சீக்கிரம் எழுதுங்கள்!

இந்தக் கதைகளை எழுத இதுதான் சரியான நேரம் என்று தோன்றுகிறது. செய்யூர் மாதிரி ஊர்கள் இப்போது இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. பாதித் தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிகிறது. மீதியில் புதிதாக வேலி போட்ட மனைகள். சிலவற்றில் வீடு கட்டி, ஓய்வுக் காலத்தைக் கழிக்க யாராவது வந்திருப்பார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். கேட்டில் நாய் ஜாக்கிரதை போர்டு, சுவரில் சி.சி.டி.வி. கேமரா.

அந்தக் கேமரா வாசலுக்கு யார் வந்தார்கள் என்று காட்டும். உள்ளே இருப்பவர் மூன்று நாளாக மாத்திரை போடவில்லை என்பது அதற்குத் தெரியாது. கேட்டில் மாட்டிய பையில் பால் பாக்கெட் காலை எட்டு மணி தாண்டியும் அப்படியே தொங்குகிறதே என்று நின்று பார்க்கவும், ‘என்னாச்சுங்க ஐயா?’ என்று கதவைத் தட்டவும் ஆள் வேண்டும். உலகத்துக் கோஸி மிஸ்டரிகள் பலவற்றிலும் முதல் அத்தியாயத்தில் கதவைத் தட்டுவது அப்படி ஒருவர்தான். நம் தெருவிலும் அவர் இருக்கிறார், மாத்திரைப் பையை மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்து போகிறார். தமிழில் அவரைக் கதாநாயகியாக்கி யாராவது ஒரு தொடர் எழுதினால், முதல் அத்தியாயத்திலிருந்தே படிக்க நான் ரெடி. நீங்கள்?